பன்னீர் கலந்த ஒயின்

மதுவிலக்கு வந்தபோது திருச்சியில் பலர் வயிறெரிந்தார்கள். கிளமென்ட்டுக்கு மட்டும் அது வரமாக அமைந்தது. ஊரில் ஒயினே இல்லாதபோது ஒயின் நிபுணரை யார் சோதிப்பது?

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் கன்டோன்மென்ட்டில் ஒரு துரையின் பங்களாவில் பட்லராக இருந்தார். துரை கப்பலேறியபின் கல்யாண வீடுகளில் பரிமாறிப் பிழைத்தார். மாலையானால் பாலக்கரையில் பரக்கத் அலியின் சோடாக்கடை பெஞ்சில் பாடம் தொடங்கிவிடும்.

"வெள்ளை ஒயினுக்கு மீன்தாங்க. ஆட்டுக்கறியோட குடிச்சா பாவம். உசந்த சரக்குன்னா ரோஜா வாசனை வரும், தெரியுங்களா?"

குடிப்பதே பாவம் என்று நினைக்கும் பரக்கத் அலியும் சுவாரஸ்யமாகக் கேட்பார். அந்தக் கடையில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர், இதைக் கேட்கவே பாலம் தாண்டி வருவார். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது. கிளமென்ட்டின் மனைவி செல்வமேரி மட்டும் அவரைக் காலிப் பெருங்காய டப்பா என்பாள்.

1964-ல் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் செக் நாட்டு இன்ஜினீயர் ஒருவர் வந்தார். அவரிடம் ஒயின் வைத்துக்கொள்ள அரசாங்கப் பெர்மிட் இருந்தது. கிளமென்ட்டின் புகழ் அவர் காதுக்கும் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தை நன்றாக நடத்தினால் பட்லர் வேலை நிரந்தரம் என்றார். கூடமாட ஒத்தாசைக்குச் செல்வமேரியும் போனாள்.

"எங்கள் ஊர் வெள்ளை ஒயின். நேற்றுத் திறந்து ஒரு வாய் பார்த்தேன். நீயும் ருசி பார்த்து, அதற்கேற்றபடி சமை," என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு இன்ஜினீயர் குளிக்கப் போனார்.

கிளமென்ட் கிளாசில் ஊற்றி, பழைய துரை செய்வதுபோலவே சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். முகம் சுருங்கியது. ஒரு வாய் குடித்தார். காலையில் பரக்கத் அலி கடையில் ஐஸ் வாங்கி வந்த மனைவியை முறைத்தார்.

"ஒயினை எங்கே ஊத்தினே? இது பன்னீர் சோடா."

செல்வமேரி கிளாசை வாங்கி முகர்ந்தாள். "சோடான்னா கேஸ் எங்கே? வாசனை நல்லாத்தானே இருக்கு. ஆனா உங்க வெள்ளை சாஸ் மீன் இதுக்கு எடுபடாது. இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுக் கோழி வறுத்தா ஒத்துப்போகும்."

கோழியாம், மிளகாம். யாரிடம் வந்து சொல்கிறாள்? போலிச் சரக்கு மேஜைக்குப் போனால் வேலையும் போகும், பதினாறு வருஷப் பேரும் போகும். கிளமென்ட் பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். இன்ஜினீயர் வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரோ பன்னீர் கலந்துவிட்டார்கள் என்றும், துரையின் மானத்தைத் தாம் காப்பாற்றிவிட்டதாகவும் இங்கிலீஷில் சொன்னார்.

இன்ஜினீயர் காலி பாட்டிலை முகர்ந்தார். "ரோஜா. அந்தத் திராட்சைக்கு வாசனையே இதுதான்," என்றார். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதற்குமுன் எத்தனை ஒயின் குடித்திருக்கிறாய்?"

கிளமென்ட்டுக்கு வாயில் தமிழ்தான் வந்தது. "ஒண்ணும் இல்லீங்க. நாற்காலிக்குப் பின்னாடி நின்னு ஊத்தினதுதான். ஒரு சொட்டு குறைஞ்சாலும் தெரியணும்னு பாட்டில்ல பென்சில் கோடு போட்டு வச்சிருப்பாங்க."

அது செல்வமேரிக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் சிரிக்கவில்லை. கிளமென்ட் விட்ட கதைகளுக்காக அவர்மேல் எனக்கு எரிச்சல் உண்டு; அந்தப் பென்சிலைப் பிடித்த கையின்மேல் அதைவிட அதிகம்.

விருந்தாளிகள் செல்வமேரி வறுத்த இஞ்சிக் கோழியை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலை செல்வமேரிக்குக் கிடைத்தது. கிளமென்ட் அவளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தார்.

மறுவாரம் பரக்கத் அலி கேட்டார்: "துரை வீட்டு ஒயின் எப்படி இருந்துச்சு?"

கிளமென்ட் கையிலிருந்த பன்னீர் சோடாவைத் தூக்கிக் காட்டினார். "இதே வாசனைதான் பாய்."

கடையே சிரித்தது. வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதை விடாதேயும் ஓய்," என்றார். பதினாறு வருஷத்தில் அந்த பெஞ்சில் கிளமென்ட் சொன்ன முதல் உண்மை அது.