உப்பில்லா விரதமும் அண்ணனின் மாத்திரையும்

அண்ணனின் மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று புத்தூர் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் நான்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னுடையது. “உப்பைக் குறைச்சிடாதீங்க. தண்ணி நிறையக் குடிக்கணும். ரத்தத்துல மருந்து எவ்வளவு நிக்குதுன்னு அப்பப்ப பாக்கணும்” என்றார் டாக்டர். தலையாட்டினேன். உப்பைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை. சாம்பாரில் கொஞ்சம் குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறவர் அண்ணன். அவருக்குப் போய் இதைச் சொல்லணுமா என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை கேட்டது. நாள்கணக்கில் தூங்காமல் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போவதும், பிறகு வாரக்கணக்கில் பாயை விட்டு எழாததும் நின்றன. ஒரு வருஷம் ஒழுங்காக லோடு ஆட்டோ ஓட்டினார். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு தடவை கூட்டிப்போனதோடு நானும் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவின் வேண்டுதல் எனக்குத் தெரியும். மகன் ஒரு வருஷம் நல்லபடியாக இருந்தால், சமயபுரத்து அம்மன் பச்சைப் பட்டினி இருக்கும் இருபத்தெட்டு நாளும் அவனும் உப்பில்லாமல் சாப்பிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே வருவான் என்று. “நமக்காக அவளே பட்டினி கிடக்கா. நீ கிடக்கமாட்டியா?” என்று அண்ணனிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதுவும் தோன்றவில்லை.

விரதத்தின் பத்தாம் நாள் அண்ணனுக்குக் கை நடுங்கியது.

“என்னண்ணே, வண்டிய நிறுத்தியும் கை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு?”

“நீயும் இந்த வெயில்ல உப்பில்லாம தின்னு பாரு. உனக்கும் ஓடும், படிச்ச கழுத.”

பன்னிரண்டாம் நாள் வாந்தி. பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “உப்பு குறைஞ்சா உடம்பு இந்த மருந்த வெளியேத்தாது, உள்ளயே சேந்துடும். யாரும் சொல்லலையா?” டியூட்டி டாக்டர் கேட்டது என்னைப் பார்த்துத்தான். அம்மா அப்போது பில் கவுண்டரில் நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் அண்ணன் தெளிந்தார். கட்டிலருகே அம்மா, “விஷம்டா அது. இனிமே என் புள்ள வாயில அந்த மாத்திரை படக்கூடாது” என்றாள். பேசாமல் இருந்தால் நான் தப்பித்துவிடலாம். அண்ணன் மறுபடியும் பழைய பாய்க்கே போய்விடுவார்.

சொன்னேன். டாக்டர் சொன்னதையும், நான் சொல்லாமல் விட்டதையும்.

“அப்ப நான் ஆக்கிப் போட்ட சோறா?”

“இல்லம்மா, நான்தான்...”

அது அவள் காதில் விழவில்லை. “பாதியில விட்டுட்டு ஆத்தாகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?”

“நான் சொல்லிக்கிறேம்மா. உடம்பு எனக்குத்தானே” என்றார் அண்ணன். மாத்திரையை நிறுத்தப்போவதில்லை என்றும் சொன்னார்.

இப்போது அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அண்ணன் தனியாகவே போகிறார். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதென்று டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறார். “நானும் வரேண்ணே” என்றால், “உனக்கு வேலை இருக்கும், இரு” என்கிறார். கோபமில்லாமல்தான் சொல்கிறார்.