சீனி பூசிய குளிகை

முனாப் அடித்தால் முதல் அடி மூக்கில்தான் விழும். காரணம் கேட்பதும் விளக்கம் சொல்வதும் எதிராளி மூக்கைப் பிடித்துக்கொண்டு குந்திய பிறகுதான். ஏறாவூரில் அவன் வண்டில்காரன்; ஒரு வண்டிலும் இரண்டு மாடுகளும்தான் சொத்து. வழிவிடாதவனை அடித்திருக்கிறான், மாட்டைப் பழித்தவனை அடித்திருக்கிறான். வாழைச்சேனையில் ஒருமுறை ஆள் மாறி ஒருவனை அடித்துவிட்டு, "நீ இல்லையா அவன்?" என்று கேட்டு, அதே வண்டிலில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அவன் கை ஓங்காத ஒரே ஆள் மனைவி ஸஹீதா. அவள் "போதும்" என்றால் போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் தை மாதம் மலேரியாக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் பாய்க்குள் கிடந்து பல்லடித்தார்கள். புடைவைக் கடைகள் ஈ ஓட்டின. அதுவரை கயிறும் கருவாடும் விற்ற அப்துல் கபூர் முதலாளி கருவாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முன்னால் காய்ச்சல் மருந்தான கொயினாத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினார். கொயினா என்றால் கசக்க வேண்டும். இந்த ஞானம் எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்கும் உண்டு. வாங்குபவன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைப்பான். முகம் கோணினால் வாங்குவான். கோணாவிட்டால் போத்தலைத் திருப்பி எறிவான். அப்படிப் பறந்த ஒன்று கடைக் கணக்கப்பிள்ளையின் நெற்றியைப் பிளந்தது.

காய்ச்சல் விட்டவர்களுக்கு வேறு வில்லங்கம். காதுக்குள் ஓயாத இரைச்சல், கண் மூடாது. அதனால் நித்திரைக்கு மருந்து தேடினார்கள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு மட்டும் விற்ற சாதிக்காயும் கசகசாவும் பாலில் அரைத்துக் குடிக்கப் பறந்தன. தலைமயிர் வெட்டுகிறவன்கூட நித்திரைத் தைலம் என்று ஏதோ பச்சை எண்ணெயை விற்றான். கடைசிச் சாதிக்காய்க்காக இரண்டு பேர் முதலாளியின் கடை வாசலில் உருண்டு புரண்டு, ஒருவனின் காதை மற்றவன் கடித்துத் துப்பினான். நித்திரை கேட்டு வந்த சனம் செய்த வேலை இது!

அன்றைக்கே முதலாளி முனாபைக் கூப்பிட்டு வாசலில் காவலுக்கு நிறுத்தினார். கூலி, நாளுக்கு ஒரு போத்தல். முனாப் பேரம் பேசவில்லை. ஸஹீதா காய்ச்சலில் விழுந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்தப் போத்தலுக்காக அவன் பத்து நாளில் எத்தனை பேரை மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. குருக்கள்மடத்திலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டு வந்த ஒரு தகப்பனையும் பிடரியில் அடித்து வரிசைக்குத் தள்ளினான். போத்தல் கசந்தது. ஆனால் ஸஹீதாவின் காய்ச்சல் இறங்கவில்லை. போத்தலில் காய்ச்சி ஊற்ற முதலாளி நிலவேம்பு மூட்டைகள் இறக்குவதை முனாப் அறிவான். சித்தாண்டிப் பக்கமிருந்து ஏற்றி வந்தவனே அவன்தான். கசப்பு கசப்புத்தானே என்று விட்டுவிட்டான் மடையன்.

பதினோராம் நாள் காலை, காத்தான்குடி உசனார் வாவித் துறையில் தோணியால் இறங்கினார். மெலிந்த மனிதர். கடைக்கு எதிரே தகரப் பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று குளிகைகள்.

"கொழும்பால வந்த கொயினா. மேலால சீனி பூசியிரிக்கு. சப்பாதீங்க, தண்ணியோட முழுங்குங்க" என்றார்.

எங்கள் சனமா கேட்கும்? ஒருத்தி குளிகையை நாக்கில் வைத்தாள். முகம் கோணவில்லை. "இனிக்கிது!" என்று கத்தினாள்.

"முனாப்! பாத்துக்கிட்டா நிக்கிறாய்?" முதலாளி கடைக்குள்ளிருந்து சத்தம் போட்டார். "சாகிற சனத்துக்கிட்ட மிட்டாய் விக்கிறான்டா!"

முனாபுக்கு ஸஹீதாவின் காய்ந்த உதடு நினைவில் வந்தது. முதல் அடி மூக்கில் விழுந்தது. "உள்ளுக்கு... தம்பி, உள்ளுக்கு இரிக்கு..." என்று உசனார் சொல்ல முயன்றார். இரண்டாவது அடியில் இரண்டு பல் போயின. தடுக்கத் தூக்கிய கையை முனாப் பிடித்து முறுக்கினான்; பச்சைக் கொப்பு முறிவதைப் போல் சத்தம் வந்தது. சனம் விழுந்தவரைச் சுற்றி நின்று மிதித்தது. முனாப் பெட்டியைத் தூக்கி வாவிக்குள் எறிந்தான். எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு வண்டிலடிக்கு வந்தான்.

மண்ணில் சிதறிய ஒரு குளிகையை அவனுடைய மாடு நக்கிக்கொண்டிருந்தது. ரசித்து நக்கிய மாடு திடீரென்று தலையை உதறி, நாக்கை நீட்டி நீட்டி எச்சில் வடித்தது. முனாப் அதன் உதட்டில் ஒட்டியிருந்த மிச்சத்தை எடுத்துத் தன் வாயில் போட்டான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு கசப்பைக் கண்டதில்லை.

வாவிக்குள் பாய்ந்தான். பெட்டி அகப்பட்டது; உள்ளே வெள்ளைத் தண்ணீர்தான் இருந்தது. சேறு சொட்டச் சொட்டத் துறைக்கு ஓடினான். அங்கே உசனார் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தோணிக்குக் காத்திருந்தார்.

"காக்கா, இன்னும் இரிக்கா? என்ர பெஞ்சாதி மௌத்தாகப் போறா."

உசனார் இரத்தம் துப்பினார். "ஒம்பது இரிக்கு, இடுப்புல. என்ர வீட்டுக்காரிக்கு வெச்சிரிக்கன். அவளும் பாயில. தரமாட்டன்."

முனாப் அவரைப் பார்த்தான். பிறகு அவருடைய இடுப்புப் பட்டிக்குள் கையை விட்டான். உசனார் ஒற்றைக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார், கடித்தார், உம்மாவைக் கூப்பிட்டு அழுதார். முனாப் அவரை அடிக்கவில்லை. அடிக்கத் தேவை இருக்கவில்லை. ஒன்பதையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

வீட்டில் ஸஹீதா முதல் குளிகையை நாக்கில் வைத்ததும் துப்பினாள். ஒன்று அடுப்புச் சாம்பலில் போயிற்று. "என்ன இது? சீனி. என்னையும் ஏமாத்துறீங்களா?" வாயை இறுக மூடிக்கொண்டாள். வெளியே ஆளை அடித்து வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு இங்கே கை எழவில்லை. அடுத்ததைத் தன் வாயில் போட்டு, சீனி முழுவதும் கரையும்வரை உறிஞ்சினான். கசப்பு தொண்டையைப் பிடித்தபோது எடுத்து அவள் நாக்கில் வைத்தான். அவள் முகம் கோணியது. விழுங்கினாள்.

இப்படியே எட்டையும் கொடுத்தான். எட்டுப் போதுமோ போதாதோ, நாலாம் நாள் ஸஹீதா எழும்பி உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதைப் பார்த்து முனாப் குலுங்கிக் குலுங்கி அழுதான். காத்தான்குடிக்குப் போய் உசனாரின் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று விசாரிக்கும் துணிவு மட்டும் அவனுக்கு வரவேயில்லை.

கஞ்சியைக் குடித்து முடித்த ஸஹீதா அவன் கையைப் பிடித்து, உசனாரின் பல் பட்ட காயத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, சீனி வித்த ஒரு கள்ளன நீங்க அடிச்சீங்களாம். நல்லா அடிச்சீங்களா?"

"ஓம்" என்றான் முனாப்.