கஞ்சாச் செடியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்ட நான் ஒருவரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில், தமிழரும் வங்காளிகளும் குடியேறிய தீவு ஊரான புரோத்ராபூரில் எங்கள் தெருவுக்குக் கஞ்சா சோதனைக்கு வந்த கலால் காவலர் அவர். ஒடிசல் உடம்பு, பெரிய மீசை, ராமநாதபுரத்துப் பேச்சு. தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டை அன்றைக்குச் சோதனை போடமாட்டார். அது தெருவுக்கே தெரியும் என்பதால், யார் நீட்டினாலும் வாங்கமாட்டார்.

தீதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மாட்டு வைத்தியத்துக்காக ஒரு செடி வளர்த்திருந்தாள். ஒற்றைச் செடி அகப்பட்டாலும் வழக்கு. சர்க்கார் கொடுத்த நிலம் போய்விடும் என்று பயந்தாள். அவரைக் கண்டதும் சொம்போடு வாசலுக்கு ஓடினாள்.

"நஹி தீதி, காம் ஹை," என்று வேலையைச் சொல்லி மறுத்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. தண்ணீர் தளும்பி அவர் பூட்ஸில் சிந்தியது.

என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இந்தம்மாகிட்ட இந்தியில சொல்லு. இன்னைக்குக் குடிச்சுட்டுப் போறேன். நாளைக்குக் காலையில கடலையே மொண்டு வந்தாலும் உள்ள பூந்துருவேன்."

அண்ணாந்து சொம்பைக் காலி செய்தார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மீசையில் நின்ற அந்தத் தண்ணீர் மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் வந்து தேடினார். செடி இருந்த இடத்தில், புதிதாகக் கொத்திய மண்ணில் மிளகாய்க் கன்று நின்றது.