கஞ்சி போட்ட பாய்லர் சூட்

என் செம்பூர் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பாய்லர் சூட் தொங்குகிறது. சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த நீல நிற ஆலை உடுப்பு. எங்கள் ஃபோர்மேனுடையது. வந்த புதிதில் ஆள் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும், அவ்வளவு கஞ்சி. இந்த மழையில் அதுவும் துவண்டு போயிருக்கிறது.

ஐரோலிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பாக இருந்தது. தீப்பிடிக்காத துணியில் எல்லோருக்கும் புது உடுப்பு வாங்கியபோது நான் படுத்திய பாட்டை சப்ளையர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரு துண்டு வெட்டி லைட்டரில் காட்டுவேன். நெருப்பை எடுத்ததும் துணி தானாக அணைய வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டுங்கள் என்பேன். ஆட்களிடமும் தொண்டை வற்றக் கத்தினேன். கையை மடித்து விடாதீர்கள், உள்ளே நைலான் பனியன் கூடாது, எண்ணெய்க் கறையோடு போடாதீர்கள், கஞ்சி போடாதீர்கள். கஞ்சி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். பாய்லர் சூட்டுக்குப் போய் யாராவது கஞ்சி போடுவார்களா? ஃபோர்மேனும் சேர்ந்துதான் சிரித்தார்.

மாட்டுங்கா வீட்டில் அவர் மனைவி கஞ்சி போட்டுக்கொண்டுதான் இருந்தார். முட்டி வலியால் மாடி இறங்குவதையே விட்டுவிட்ட மாமி. பிள்ளை குட்டி கிடையாது. கட்டடத்தில் மற்ற ஆண்கள் எல்லாம் ஆபீஸ்காரர்கள்; அவர்களுக்கு நடுவில் தன் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்துவிடக் கூடாது. ஞாயிறுதோறும் சாதம் வடித்த கஞ்சியில் உடுப்பை முக்கி, உதறிக் காயவைத்து, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போடுவாராம். அதைப் போய் வேண்டாம் என்பானேன் என்று ஃபோர்மேன் விட்டுவிட்டார்.

ஒருநாள் பம்ப் பக்கத்தில் குப்பென்று தீ. உதவியாளின் சட்டைக் கை கருகியதோடு நின்றது. ஃபோர்மேனின் கை பற்றி எரிந்து, முழங்கை வரை புண். கழற்றிப் போட்ட உடுப்பின் மற்றக் கையைத் தொட்டேன். மொடமொடத்தது. கஞ்சி என்பது சோறுதானே, நெருப்புக்கும் அது தீனிதான். வந்த கோபத்தில் அதைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

கட்டோடு வேலைக்குத் திரும்பிய அன்று அவரைப் பிடித்துக்கொண்டேன். “மாமிகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்கோ.”

“மாட்டேன் மேடம். தினம் இந்தக் கைக்கு மருந்து போடறது அவதான். தான் போட்ட கஞ்சியாலதான் இது வெந்துதுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா.”

சரி என்று, இனி யார் உடுப்பும் வீட்டுக்குப் போகாது, ஆலையிலேயே துவைப்போம் என்று விதி கொண்டுவந்தேன். அடுத்த நாளே வந்து நின்றார். “வெறும் பையோட போனா அவ கேப்பா. கழிச்சுக் கட்டின பழைய உடுப்பு ஒண்ணு குடுங்கோளேன்.” கழித்ததை இரண்டாக வெட்டிப் போட வேண்டும் என்பது நானே போட்ட சட்டம். வெட்டாமல் கொடுத்தேன். தப்பு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அதன் பிறகு திங்கட்கிழமை மொடமொடவென்று பையில் வரும் உடுப்பு என் அறை ஆணியில் தொங்கும். சனிக்கிழமை அதைக் கசக்கி, முழங்கையில் கொஞ்சம் கிரீஸ் தடவி எடுத்துப் போவார். “இது வேறயா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன். “அழுக்கே இல்லேன்னா வேலைக்குத்தான் போறேளான்னு கேக்கமாட்டாளா?” என்றார். சிரித்துவிட்டேன், பாவி மனுஷன்.

மாமி போய்ப் பதின்மூன்று நாள் கழிந்து வந்தவர், பையிலிருந்து அதை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். “கடைசியா அவ போட்ட கஞ்சி. ஸ்டோர்ஸ் சாமான் இல்லையா, வெட்டிடுங்கோ.” அவர் போனதும் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட மனசு வரவில்லை. அவர் ரிடையரான கொஞ்ச நாளில், அவரும் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது நானும் ரிடையர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்காக அலட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் இந்த உடுப்பைப் பார்த்தால் மட்டும் வயிறு எரிகிறது. முழங்கையில் கிரீஸ் தடவிக்கொண்டு வந்து, எனக்காக ஒருத்தரும் இப்படிப் பொய் சொன்னதில்லை.

இன்று வெயில் எட்டிப் பார்த்தது. ஒருத்திக்கு வேண்டியதைவிடக் கூடவே அரிசி போட்டுக் கஞ்சி வடித்தேன். உடுப்பை முக்கிப் பிழிந்து பால்கனியில் உலர்த்தியிருக்கிறேன். இனி அதைப் போட்டுக்கொண்டு நெருப்புப் பக்கம் யார் போகப் போகிறார்கள்? நிமிர்ந்து நிற்கட்டும்.