தோடு போட்ட காதுக்கு ஒரு குஷன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றுவிட்டேன். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படிங்க.

தென்னூரில் ஜெயந்தி நடத்துகிற சின்ன யூனிட்டில் எனக்குத் தையல் வேலை. கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்கள் மாட்டுகிற ஹெட்செட்டில் காதுக் குஷன் பிய்ந்துபோனால் புதுசு தைத்துப் போடுவோம். உள்ளே ஸ்பாஞ்சு, மேலே ரெக்சின். முடித்ததும் மேசையில் இருக்கும் மரத்தலையில் மாட்டிப் பார்ப்போம். இறுக்கமாக நின்றால் சரி.

ஒரு வெள்ளிக்கிழமை ரஞ்சனி என்கிற பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தாள். புதுசாகக் கல்யாணம் ஆனவள். நாங்கள் தைத்துக் கொடுத்த ஹெட்செட்டை மேசையில் வைத்தாள்.

"தாங்க முடியலம்மா. தோட்டுத் திருகு காதுக்குப் பின்னாடி குத்துது. ஞாயித்துக்கிழமை மேட்ச். நடுவுல கழட்டுனா கூட ஆடுறவங்க சொல்றது கேக்காது. டீம்லேருந்து தூக்கிடுவாங்க."

"தோட்டக் கழட்டி வச்சுட்டு ஆடுங்களேன்" என்றாள் ஜெயந்தி.

"மாமியார் போட்டது. வெறுங்காதோட பாத்தாங்க, கேமையே நிறுத்திடுவாங்க."

எங்கள் மரத்தலைக்குத் தோடும் இல்லை, மாமியாரும் இல்லை.

பின்பக்கம் ஸ்பாஞ்சைக் குடைந்து பள்ளம் எடுத்தேன். ரஞ்சனி அங்கேயே ஃபோனில் கேம் போட்டு மாட்டிப் பார்த்தாள், குத்தல் நின்றது. ஆனால் சந்து விழுந்து சத்தம் கசிந்தது.

"எதிராளி நடந்து வர்றதே கேக்கல. சுட்டுட்டுப் போயிடுவான்."

சரி என்று சுற்றிலும் தடியாக ஸ்பாஞ்சு வைத்தேன். இப்போது தலைப்பட்டை விரிந்து ரெண்டு பக்கமும் நெரித்தது.

"காதுவலி போயி தலைவலி வந்துச்சு, டும் டும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை ஜெயந்தி தன் தோட்டோடு அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "இங்கம்மா, இங்கதான் அழுத்துது" என்று விரல் வைத்துக் காட்டினாள். பழைய உயரத்துக்கே குறைத்து, பள்ளம் எடுத்த இடத்தில் மட்டும் ரொம்ப இளகின ஸ்பாஞ்சு வைத்தேன். அது திருகுக்கு வழி விட்டு, சுற்றிலும் மூடிக்கொண்டது. ரஞ்சனி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை ரஞ்சனியிடமிருந்து ஃபோன் வந்தது.

"தோத்துட்டோம்மா."

என் குஷன்தான் காரணமோ என்று கேட்டேன். "குத்துச்சா?"

"அதயேன் கேக்குறீங்க! மேட்ச் முடிஞ்சதும் காப்பி போட எந்திரிச்சேன், வயரு புடிச்சு இழுக்குது. அப்பத்தான் மாட்டியிருக்கறதே ஞாபகம் வந்துச்சு. டீம்ல இருக்கேம்மா!"

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் காதைப் பார்ப்பேன். தோடா, கண்ணாடியா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பாஞ்சை வெட்டுவேன்.

அந்த இளகின ஸ்பாஞ்சுக்குக் கடையில் வேறு பேர் சொல்வார்கள், என் வாயில் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்திடுங்க.