நடுக்கோட்டுக்கு முன்னால் ஒரு சிரிப்பு

செஞ்சி ஊரில் மங்கையின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் மொத்தம் எண்பத்தாறு டெலிபோன்கள் இருந்த காலம். எந்த டெலிபோனை எடுத்தாலும் எக்ஸ்சேஞ்சில் மங்கையின் எதிரே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கான ஷட்டர், ஒரு சின்னத் தகடு, டக்கென்று விழும். "நம்பர் ப்ளீஸ்" என்பாள். சென்னைக்கோ கடலூருக்கோ ட்ரங்க் கால் கேட்டால், இரைச்சலுக்குள் காதை நட்டு, யாரோ தண்ணீருக்கடியில் பேசுவதுபோல வரும் குரலைப் பிடித்து, "அவங்க நாளைக்கு வராங்களாம் சார், நாளான்னிக்கு இல்ல, நாளைக்கு" என்று இந்தப் பக்கத்துக்கு எடுத்துச் சொல்வாள். ஏழு வருஷமாக இதுதான் வேலை.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது. பள்ளிக்கூட நாளில் மாவட்ட கபடி அணியில் ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டம் நின்றது. ஆனாலும் ஆசை விடாமல் கடலூருக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதி பாஸ் செய்திருந்தாள். நாலு வருஷமாகியும் யாரும் அவளை ஒரு ஆட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை.

கூப்பிட வைத்தது ஒரு அமாவாசை.

எண்பத்தாறாம் வருஷம் அது. செஞ்சி கபடிக் கழகத்தின் செயலாளர் அரங்கநாதன் உரக்கடை வைத்திருந்தார். யூரியா மூட்டைகளின் எண்ணிக்கை ஞாபகத்தில் இருக்கும் அளவுக்கு அவருக்குப் பஞ்சாங்கம் ஞாபகத்தில் இருக்காது. கோட்டைக்குக் கீழே இருக்கும் மைதானத்தில் இறுதி ஆட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிட்டார். அன்றைக்கு அமாவாசை. சுற்றுவட்டாரத்தில் ஓடிய பஸ்ஸெல்லாம் அம்மன் கோயிலுக்குப் போகும் மேல்மலையனூர் ஸ்பெஷலாக மாறிப் போய்விட்டது. விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய நடுவர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அரங்கநாதன் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, விழுப்புரத்தைக் கேட்டு வாங்கி, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அடியின் சத்தம் மங்கைக்கு லைனிலேயே கேட்டது.

"சார், எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி முடியுது" என்றாள்.

"அதுக்கு இன்னாம்மா?"

"நடுவர் பரீட்ச பாஸ் பண்ணியிருக்கேன். சர்டிபிகேட் இருக்குது."

அரங்கநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் நாலு மணிக்கு. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும். இரண்டாயிரம் பேர் வருவார்கள். "விசில் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

விசில் இருந்தது. அவள் புருஷன் கன்னியப்பன் அரசு பஸ் கண்டக்டர். அவனுடைய பழைய விசிலை எடுத்துக்கொண்டு போனாள். முதல் முறை ஊதியபோது கூட்டத்திலிருந்து ஒருவன் "போலாம் ரைட்!" என்றான். இரண்டாயிரம் பேரும் சிரித்தார்கள். மங்கைக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த விசிலுக்குப் பதினான்கு ஆம்பிளைகளும் அசையாமல் நின்றபோது அவளுக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்படி ஒரு கிறுகிறுப்பு. அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை.

ஆட்டம் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு என்று சமனில் வந்து நின்றது. கடைசிப் பாட்டு செஞ்சிக்கு. பாடிப் போனவன் பஷீர் அகமது. மாமாவின் மரவாடியில் வேங்கை மரத்தைத் தோளில் தூக்கிப் போடுகிற பையன், இருபத்திரண்டு வயது. ஊரே அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே உள்ளே போய், வலது மூலையில் ஒருவனைத் தொட்டான், காலை நீட்டி இன்னொருவனைத் தொட்டான், திரும்பினான். நடுக்கோட்டுக்கு நாலடி. மேளம், சீட்டி, கத்தல். வேட்டிகள் ஆகாயத்தில் பறந்தன. பஷீர் கோட்டைத் தாண்டி, கூட்டத்தின் தோளில் ஏறியே விட்டான்.

அதற்கு முன்பே மங்கை விசில் ஊதியிருந்தாள்.

விசில் சத்தம் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் அடங்கியது.

"பாட்டு அறுந்துது. ஆள் அவுட். பாயிண்ட் அனந்தபுரத்துக்கு" என்றாள்.

பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடவேண்டும், எதிராளியின் பக்கத்தில் நடுவே பாட்டு அறுந்தால் அவன் காலி என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதிதான். ஆனால் இவ்வளவு சத்தத்தில் அது எப்படி இவளுக்குக் கேட்டது? பஷீர் தோளிலிருந்து குதித்து வந்தான். "அக்கா, நான் பாட்ட விடவே இல்லக்கா! அல்லா மேல ஆணையா!"

"தம்பி, நீ சிரிச்ச."

"நான் சிரிச்சனா?"

"ரெண்டு கபடிக்கு நடுவுல ஒரு சிரிப்பு வந்துது. கோட்டுக்கு ரெண்டடி முன்னால."

அவ்வளவுதான், ஊர் கொதித்துவிட்டது. பொம்பளை என்பதை வாயால் சொன்னார்கள். எந்தத் தெருப் பொம்பளை என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தன. கோப்பையைக் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அரங்கநாதன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே பூட்டி வைத்தார்.

கன்னியப்பன் அன்றைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷலில் இருந்தான். செஞ்சியில் ஏறிய ஒருவன், "எவளோ ஒருத்தி விசிலடிச்சு செஞ்சிய தோக்கடிச்சுட்டாப்பா" என்றான். கன்னியப்பன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அப்பறம்?" என்று கேட்டான். மேல்மலையனூர் வரைக்கும் முழுக்கதையையும் கேட்டான். வீட்டுக்கு வந்து, "மங்க, என் விசிலு நல்லாருக்குதா?" என்று கேட்டதோடு சரி. இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஷட்டர்கள் படபடவென்று உதிர்ந்தன.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பரு வேணாம். நாயம் வேணும்!" அரிசி மில்லிலிருந்து.

"நம்பர் ப்ளீஸ்."

"இன்னாம்மா காது உனக்கு? அது காதா, இல்ல ரேடியோவா?" ஜவுளிக்கடையிலிருந்து.

முதல் பத்துப் பேருக்கு மங்கை பொறுமையாகப் பதில் சொன்னாள். கேட்டது இன்னது, கோட்டுக்கு முன்னால் இத்தனை அடியில், விதி இது. பதினோராவது ஆளுக்குச் சொல்வதற்குள் ஏற்கெனவே பேசியவர்கள் மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவளுக்குள் அந்தக் கிறுகிறுப்பு திரும்ப எழுந்தது. "இருங்க சார், உங்கள மாதிரியே ஒருத்தர் லைன்ல இருக்காரு, பேசுங்க" என்று அரிசி மில்லையும் ஜவுளிக்கடையையும் கோர்த்து விட்டாள். மருந்துக்கடையை மரவாடியோடு கோர்த்தாள். அரைமணி நேரத்தில் ஊரில் கோபமாக இருந்தவர்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். பலகை அமைதியாகிவிட்டது. அதில் பாதிப் பேர் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டதாகப் பிறகு தெரிய வந்தது. பஷீர் தொட்டது இரண்டு பேரையா மூன்று பேரையா என்று.

மத்தியானம் அரங்கநாதனே நேரில் வந்தார். எக்ஸ்சேஞ்ச் வாசலில் பஷீரும் ஆட்டக்காரர்களும் நின்றார்கள். அவர் கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"சத்தத்துல சரியா கேக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. மறுபடி ஆட்டத்த வச்சுக்கலாம். யாருக்கும் மனஸ்தாபம் வேணாம்."

"கேட்டுது சார். கேக்கலன்னு எப்பிடி எழுதறது?"

"ரெண்டாயிரம் பேருக்குக் கேக்கலியே."

"ரெண்டாயிரம் பேரும் கத்திகினு இருந்தாங்க. நான் ஒருத்திதான் கேட்டுகினு இருந்தேன்" என்றாள். பிறகு பஷீரைப் பார்த்தாள். பையன் முகம் வாடிக் கிடந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை. தான் சிரித்தது அவனுக்கே தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. "தம்பி, ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வா. மேளத்தக் கொண்டா, ஊரையே கொண்டா, இன்னா வேணாலும் கத்துங்க. நான் முதுகக் காட்டி நிக்கறேன். பத்துப் பாட்டு நீ பாடு. எங்க வேணுமோ அங்க பாட்ட நிறுத்து, இல்ல நிறுத்தாத. நிறுத்துனா நான் கையத் தூக்கறேன். நீ நிறுத்தாதப்ப ஒரு தபா கையத் தூக்கிட்டன்னா சாரு கேக்கற காகிதத்த எழுதித் தரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தைவிடக் கூட்டம். வேர்க்கடலை விற்றவர்கள் இரண்டு தடவை போய் மூட்டை கொண்டுவந்தார்கள். பஷீர் எப்போது நிறுத்துகிறான் என்று சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டுமே. ஒரு பக்கம் அனந்தபுரம் கேப்டன் ஆதிமூலம், மறுபக்கம் பஷீரின் மாமா ஜகபர் அலி. இரண்டு பேரும் பஷீரின் வாயோடு காதை ஒட்டிக்கொண்டு கூடவே ஓடவேண்டும். ஆதிமூலம் ஒல்லி. ஜகபர் அலிக்குத் தொந்தி. மூன்று பேரும் ஒரே உடம்பாகக் குதித்துக் குதித்து மைதானத்தில் ஓடியதைப் பார்த்து, மேளக்காரர்களே சிரித்து அடி தவறினார்கள்.

மங்கை முதுகைக் காட்டிக் கோட்டையைப் பார்த்து நின்றாள். முதல் பாட்டு. மேளம் காதைக் கிழித்தது. அவள் கை மேலே போனது. "சரிதான்!" என்று ஆதிமூலம் கத்தினான். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் பஷீர் நிறுத்தவே இல்லை. அவள் கையும் எழவில்லை. ஏழு வரைக்கும் ஒரு பிசகும் இல்லை. எட்டாவதில் பஷீர் கண்ணிமைக்கும் நேரம் மூக்கால் மூச்சு இழுத்தான். மங்கையின் கை எழவில்லை.

"உட்டுட்டா! உட்டுட்டா!" ஜகபர் அலி மூச்சு வாங்கிக்கொண்டே துள்ளினார். கூட்டம் ஊளையிட்டது.

மங்கை திரும்பினாள். "ஆமா, எனக்குக் கேக்கல" என்றாள். "கேக்காம உட்டது உண்டு. இன்னமும் உடுவேன். ஆனா நிறுத்தாதப்ப நான் இன்னும் ஒரு தபாகூட கையத் தூக்கல. அன்னைக்கும் கேட்டதத்தான் ஊதுனேன்."

அரிசி மில்காரர், "அது பாயிண்ட்டுதான்பா" என்றார். ஒன்பதாவது பாட்டும் சரியாகப் போனது.

பத்தாவதுக்கு முன் பஷீர் நின்றுவிட்டான். "அக்கா, இது வெளாட்டு மாதிரி இல்ல. நெஜமா ஆடறேன். அனந்தபுரத்து ஆளுங்க எதிர்ல நிக்கட்டும், அன்னைக்கி மாதிரியே."

ஏழு பேரும் வந்து நின்றார்கள். சாட்சிகள் விலகிக்கொண்டார்கள். மங்கை மறுபடி முதுகைக் காட்டினாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே மேளம் நின்றது. எல்லாருக்கும் காதால் கேட்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பஷீர் பாடிப் போனான். உண்மையாகவே மடக்கினார்கள், உண்மையாகவே நழுவினான். ஒருவனைத் தொட்டான். பாய்ந்து இன்னொருவனைத் தொட்டான். திரும்பினான். கோடு நெருங்கியது. "கபடி கபடி கபடி ஹிஹ் கபடி..."

மங்கையின் கை எழுந்தது. பஷீர் கோட்டுக்கு ஓரடி முன்னால் அப்படியே நின்றுவிட்டான். தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சத்தமே இல்லாத அந்த மைதானத்தில், கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவனுடைய அம்மா மெஹராஜ் பேகத்தின் குரல் கேட்டது. "அது அவன் சிரிப்புதாம்மா! கண்ணாமூச்சி ஆடசொல்லோ ஒளிஞ்ச எடத்துலேர்ந்து இப்பிடித்தான் சிரிச்சுக் காட்டிக்குடுத்துருவான்! ஜெயிச்சிட்டோம்னு தோணுனா போதும், அவனால அடக்க முடியாது!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஆதிமூலம் மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். ஜகபர் அலி தொந்தியைப் பிடித்துக்கொண்டார். பஷீர் வெட்கத்தில் சிவந்து, அப்புறம் அவனும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அரங்கநாதன் உரக்கடைக்கு ஆளனுப்பிக் கோப்பையை வரவழைத்தார். அதில் யூரியா நாற்றம் அடித்தது. அனந்தபுரத்துக்காரர்கள் அதைப் பொருட்படுத்தாமல் முத்தமிட்டார்கள்.

"இன்னும் கோவமா தம்பி?" என்று மங்கை பஷீரிடம் கேட்டாள்.

"கோவந்தான்" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தோத்தது தோத்ததுதானே. ஆனா நீ சொன்னது நெஜம்." பிறகு சும்மா இருக்காமல், "அக்கா, நீயும் ஆடுனவதானே? ஒரு தபா பாடிப் போயேன் பாப்போம்" என்றான்.

மங்கை கன்னியப்பனைத் தேடினாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் கையால் 'போ போ' என்றான். அவள் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். ஒன்பது வருஷமாயிற்று. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கபடி" என்று ஆரம்பித்த உடனே அவள் உடம்பு அவளைவிட இளமையாகிவிட்டது. அனந்தபுரத்து ஏழு பேரும் ஒரு பெண்பிள்ளையைப் பிடிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் சிதறினார்கள். அவள் அந்தத் தயக்கத்துக்குள் புகுந்து, இடது பக்கம் பாய்ந்து, வலது பக்கம் திரும்பி, புழுதி பறக்க ஓடிவந்து கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

எத்தனை பேரைத் தொட்டாள் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. செஞ்சிக்காரர்கள் மூன்று என்கிறார்கள். ஆதிமூலம் ஒன்று என்கிறான், அதுவும் முந்தானை பட்டதுதானாம். அன்றைக்கு மைதானத்தில் நடுவராக யாரும் நிற்கவில்லை.