முப்பத்தொரு மொட்டைகளும் மூன்று வரிச் சட்டமும்

ஞாயிறு, காலை 6.15. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் நூற்று அறுபது ரூபாய். மடியில் நானூறு பக்கக் காகிதக் கட்டு. செயற்கை நுண்ணறிவை எந்த நாடு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று தமிழில் ஒரு கையேடு எழுதுவதுதான் இரண்டு வருடமாக என் வேலை. ஐரோப்பா ஆபத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. சிலவற்றை அடியோடு தடை செய்கிறது. இயந்திரம் செய்த படமென்றால் அதை அதன் மேலேயே சொல்லிவிடு என்கிறது சீனா. தென்கொரியா தனிச் சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு நியாயம். நம் அரசோ, இருக்கிற சட்டங்கள் இப்போதைக்குப் போதும், வழிகாட்டுதல் தருகிறோம் என்கிறது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மலையடியில் நான்கு நாள் அமைதியாக உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

செஞ்சி தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மாள், "பௌர்ணமிக்குத் தானே?" என்றார். புதன்கிழமை பௌர்ணமி. அதைக் காலண்டரில் பார்க்காமல் இந்த ஊருக்கு அமைதி தேடி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காலை 10.40. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை ஓரம், ஸ்டாண்டுக்கு வெளியே, சவாரிச் செயலியில் ஓடும் ஏழு ஆட்டோக்கள் நின்றன. முதல் ஆட்டோவில் ஒரு பெண், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, அழுத்துவதா வேண்டாமா என்று விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"செங்கம் ரோடு வருவீங்களா?"

"ஐடி லாக் ஆயிடுச்சு மேடம். ஆப்ல போகாம சும்மா ஏத்தினா ஸ்டாண்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. பின்னாடி மாணிக்கண்ணா நிக்கறார், அதுல போங்க."

நான் போகவில்லை. பதினைந்து ரூபாய்க்கு டீ வாங்கிக்கொண்டு கதை கேட்டேன். பெயர் கௌரி. ஊர் அடி அண்ணாமலை. ஒன்பது வயது மகளுக்கு டெங்கு வந்து பிழைத்தாள். வேண்டிக்கொண்டபடி வியாழக்கிழமை கோயிலில் முடி கொடுத்தார். வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கும்போது செயலி வழக்கம்போல் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினார். 'பதிவு செய்த ஓட்டுநர் இவர் இல்லை' என்றது. சனிக்கிழமையும் அதேதான். மூன்றாவது முறையும் பொருந்தாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். ஸ்டாண்டில் புதிதாக யாருக்கும் இடமில்லை. அந்தக் கணக்கு போனால் வண்டி ஓட்டும் பிழைப்பே போனது.

"முடி வளர்ற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?"

என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் என் காகிதக் கட்டைப் பார்த்தார்.

"இவ்ளோ சட்டம் இருக்குதே, இதுல என் மொட்டை எங்க வருது?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று கிண்டலாகச் சொல்வார்கள். அன்று மதியம் விடுதி அறையில் உட்கார்ந்து அந்த முடிச்சைத்தான் தேடினேன். கிடைத்தது! செயலி வழியாக வேலை செய்பவரின் கணக்கை இயந்திரம் தானாக முடக்கக் கூடாது, ஒரு மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வகுத்திருக்கிறார்கள். காரணம் சொல்லாமல் நீக்காதே என்று பக்கத்துக் கர்நாடகத்திலும் சட்டம் வந்திருக்கிறது. கௌரிக்கு ஜெயம் என்றே நினைத்தேன்.

திங்கள், காலை 10. வேங்கிக்காலில், ஒரு வீட்டு மாடியில் அந்தச் செயலி நிறுவனத்தின் அலுவலகம். தஸ்தகீர் என்ற ஓட்டுநர் தன் வண்டியில் எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். கதவில் பூட்டு, பூட்டுக்கு மேல் ஒரு தொலைபேசி எண். அழைத்தால் இயந்திரக் குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. படியில் உட்கார்ந்து, இரண்டு சட்டங்களையும் மேற்கோள் காட்டி, கைபேசியிலேயே ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். கைபேசியைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம். முகத்தை நல்ல வெளிச்சத்தில் காட்டவும்.'

கௌரி சிரித்துவிட்டார். எனக்கு வந்தது கோபம். ஒரு சட்டம் ஐரோப்பாவில், இன்னொன்று கர்நாடகத்தில், கௌரி வேங்கிக்காலில். நடுவில் கடல் மட்டுமா இருக்கிறது?

திரும்பி வந்ததும் டீக்கடையில் பேச்சு நடந்தது. ஏழு பேரில் மூத்தவர் மாணிக்கம். தம் வழுக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒருத்தி மொட்டை போட்டா ஆள் மாறாட்டம்ன்றான். எல்லாரும் போட்டா இன்னா சொல்வான்?"

விளையாட்டில்லை இது. அவர்கள் கணக்கும் முடங்கும், அதுவும் பௌர்ணமிக்கு முதல் நாள்.

"போட்டுக்கலாம்பா," என்றார் தஸ்தகீர். "நான் சலூன்ல போட்டுக்கறேன், நீங்க கோயில்ல போட்டுக்கங்க."

"எனக்காக வேணாம்ணா," என்றார் கௌரி. "உங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குது."

"நாளைக்கு எங்க புள்ளைக்குக் காச்சல் வந்தா நாங்களும் தானே மொட்டை போடணும்?"

வேண்டுதல் பலித்த பிறகுதானே காணிக்கை என்று நான் குறுக்கே விழுந்தேன். "அட்வான்ஸா வெச்சுக்கட்டும் மேடம். அண்ணாமலையார் கணக்குல கரெக்டா இருப்பார்," என்றார் மாணிக்கம்.

செவ்வாய், காலை 6. கோயிலில் முடி இறக்கக் கட்டணம் கிடையாது. வரிசையில் நின்றபோதே சேதி பரவிவிட்டது. போளூர் சாலை ஓட்டுநர்கள் வந்தார்கள், தண்டராம்பட்டு சாலையிலிருந்தும் வந்தார்கள். எட்டரை மணிக்குப் பளபளவென்று வந்து நின்று, ஆளுக்கொரு முறை முகத்தைக் காட்டினார்கள். 'பதிவு செய்த ஓட்டுநர் இவர் இல்லை.' ஒவ்வொரு கைபேசியும் அதையே சொல்லச் சொல்ல ஒரே கைத்தட்டல். மாணிக்கத்தின் முகத்தை மட்டும் அது ஏற்றுக்கொண்டது. அவர் தலையில் எடுக்க என்ன இருக்கிறது? மனிதர் அதற்கு வருத்தப்பட்டு, தாமும் செயலியை அணைத்துவிட்டார்.

மதியத்துக்குள், மாணிக்கத்தைச் சேர்க்காமல் கௌரியோடு சேர்த்து, நான் எண்ணியது முப்பத்தொரு மொட்டைகள். வெளியூர்க் கூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. செயலியைத் திறந்தால் 'அருகில் வண்டி இல்லை'. விடுதிக்காரர்கள் எல்லோரும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார்கள். மாலை 4.10-க்குக் கௌரியின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். "வணக்கம்மா, சென்னையிலேர்ந்து பேசறேன். அங்க இன்னா நடக்குது?" ஐந்து நாளில் நிறுவனத்திடமிருந்து அவர் கேட்ட முதல் மனிதக் குரல் அதுதான்.

புதன், காலை 9. அந்தக் குரலுக்குரிய அதிகாரி சென்னையிலிருந்து நேரில் வந்தார். முப்பது வயதிருக்கும், தோளில் மடிக்கணினிப் பை. பழைய புகைப்படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். பத்தாவது தலையில் குழம்பிப்போனார். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்களே," என்றார். டீக்கடையே சிரித்தது.

கௌரி சிரிக்கவில்லை. "நாங்க மெஷினைக் குத்தம் சொல்லல சார். உங்களுக்கே தெரியலியே, அதுக்கு எப்படித் தெரியும்? ஆனா நீங்க திரும்பிக் கேக்கறீங்க. அது கேக்காம கதவைச் சாத்திடுச்சு."

அவர் மடிக்கணினியை மூடி வைத்தார். "எதுக்கும்மா முடி கொடுத்தீங்க?"

"பொண்ணு பொழைச்சதுக்கு."

"இப்ப எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போறா சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானூறு பக்கத்தில் நான் பத்தி பத்தியாக மொழிபெயர்த்தது, ஒரு மனிதர் கேட்க வேண்டிய இந்த இரண்டு கேள்விகளைத்தான்.

அவர் கௌரியின் கணக்கைத் திறக்கத் தயாரானார். மாணிக்கம் விடவில்லை. "இன்னிக்கு நீங்க இருக்கீங்க. அடுத்த மாசம்? எழுதிக் குடுங்க." என்ன எழுதுவது என்று அதிகாரி கேட்க, முப்பத்தொரு மொட்டைகளும் என் பக்கம் திரும்பின. நாடு நாடாக மற்றவர் எழுதிய சட்டத்தை மொழிபெயர்த்தவள் நான். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. டீக்கடைப் பலகையில் காகிதத்தை வைத்து எழுதினேன்:

முகம் பொருந்தவில்லை என்று இயந்திரம் சொன்னால், கதவை மூடும் முன் ஒரு மனிதர் அவரிடம் பேச வேண்டும். காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். முடிவெடுத்தவர் தம் பெயரைப் போட வேண்டும்.

அதிகாரி அதைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். நாற்பது நிமிடம் யாரும் டீ குடிக்கவில்லை. 11.20-க்குப் பதில் வந்தது. ஒப்புக்கொண்டார்கள். திருவண்ணாமலைக்கு மட்டுமல்ல, பழனி, திருத்தணி என்று அவர்கள் வண்டி ஓடுகிற எல்லா ஊருக்கும்! அதிகாரி தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். முப்பத்தொரு கணக்குகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. தஸ்தகீர் கடையிலிருந்த எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கௌரி மகளுக்குப் போன் போட்டு, "அம்மா ஜெயிச்சுட்டேன்டி," என்று தெருவே கேட்கக் கத்தினார். அன்று வண்டியை நிறுத்தவே நேரமில்லாமல் சவாரி.

வியாழன், மதியம் 1.30. சென்னைப் பேருந்து. எங்கள் அடுக்ககத்தின் வாசலிலும் முகம் பார்த்துத் திறக்கும் கதவு ஒன்று உண்டு. பால் பாக்கெட் போட வரும் லட்சுமி, பனிக்குத் தலையில் துண்டு சுற்றியிருந்தால் அது திறக்காது. கதவு மறுத்தால் காவலாளி திறக்கக் கூடாது என்பது எங்கள் குடியிருப்பு விதி. யாராவது வெளியே வரும்வரை நின்றுகொண்டிருப்பார். உலகச் சட்டமெல்லாம் மொழிபெயர்த்த நானே எத்தனையோ காலை அவரைத் தாண்டி நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறேன். வண்டி திண்டிவனம் தாண்டும்வரை அந்த வெட்கம் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த மூன்று வரியைப் படித்தேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு கை தூக்கினார்கள். திங்கள் விடியலில் மாடியிலிருந்து பார்த்தேன். லட்சுமி துண்டோடு வந்து நின்றார். கதவு திறக்கவில்லை. காவலாளி எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தார், "வாம்மா" என்று தம் கையாலேயே திறந்துவிட்டார்.